கப்பலும் தொட்டிலும்

முத்துக்குளித்துறை என்று பழங்காலந்தொட்டுப் புகழப்பெறும் தூத்துக்குடிக் கடற்கரை, சுதேசிக் கப்பலால் இந்திய விடுதலை வரலாற்றிலும் இடம்பெற்றது. அக்கப்பலைக் கொணர்ந்தவர் வ.உ. சிதம்பரனார். கப்பலோட்டிய தமிழர் என நாடறிந்த அவர், நூலாசிரியர், பதிப்பாசிரியர், குழந்தைகளின் தந்தை என்னும் பொறுப்புகளையும் சுமந்தவர். அவற்றை ஒருசேரச் சுமக்க அவர் பட்ட பாடு, அவர் வாழ்வின் அதிகம் பேசப்படாத பகுதியாகும்.

இளமை

சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாதர் வழக்கறிஞர். தாய் பரமாயி அம்மாள். வீரப்பெருமாள் அண்ணாவியிடம் தமிழ் பயின்ற சிறுவருக்குப் பாட்டனும் பாட்டியும் இதிகாசக் கதைகளையும் சிவபெருமான் கதைகளையும் கூறி வளர்த்தனர். பின்னர்த் தூத்துக்குடியில் கல்வி கற்றுச் சட்டத்தில் தேர்ச்சி பெற்றார். 1895இல் வள்ளியம்மையை மணந்தார். அவ்வம்மையார் சில ஆண்டுகளிலேயே மறைந்தார். அதன்பின் மீனாட்சி அம்மாளை மணந்து இல்லறத்தைத் தொடர்ந்தார். மூத்த மகனுக்குத் தம் தந்தையின் பெயரையே சூட்டி உலகநாதன் என அழைத்தார்.

கடல் அழைத்த காலம்

அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பல் போக்குவரத்து ஆங்கிலேய நிறுவனத்தின் கையில் இருந்தது. இந்நிலையை மாற்ற எண்ணிய சிதம்பரனார், 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். அதன் மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றின் விலை இருபத்தைந்து ரூபாய். வணிகர் மட்டுமன்றி எளியோரும் பங்கு பெற வேண்டும் என்பது அவர் விருப்பம். வாடகைக் கப்பலை நம்பித் தொழில் நடத்த இயலாது எனக் கண்டதும், சொந்தக் கப்பலுடன் திரும்புவேன், இன்றேல் கடலில் வீழ்ந்து உயிர்விடுவேன் என்று சூளுரைத்துப் பம்பாய்க்குப் புறப்பட்டார்.

அதே வேளையில் வீட்டின் நிலை வேறாக இருந்தது. மகன் உலகநாதன் நோயுற்றிருந்தான், மனைவி கருவுற்றிருந்தார். குடும்பத்தின் அருகில் இருக்குமாறு நண்பர்கள் வற்புறுத்தினர். குடும்பத்தை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டு, ஏற்ற பணியை அவர் தொடர்ந்தார். நோயுற்ற மகனை விட்டுப் பிரிந்திருப்பது எந்தத் தந்தைக்கும் எளிதன்று. அவர் பிரிந்திருந்த நாள்களில் இல்லத்தின் சுமை முழுவதையும் தாங்கியவர் மீனாட்சி அம்மாள்.

1907இல் கேலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் 1300 சாதாரணப் பயணிகளையும் 4000 சரக்கு மூட்டைகளையும் ஏற்றவல்லது. ஆங்கிலேய நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது; மக்களோ சுதேசிக் கப்பலையே நாடினர்.

சிறையில் எழுந்த நூல்கள்

1908 பிப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்குச் சிதம்பரனார் துணைநின்றார். மார்ச் 12இல் அவர் கைது செய்யப்பட்டார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அச்செய்தியைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் மனநிலை பாதிக்கப்பட்டார். சிறு குழந்தைகளைக் காத்துக்கொண்டே கணவரின் விடுதலைக்காகவும் முயன்றார் மீனாட்சி அம்மாள். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. எனினும் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுக்கும் கொடுமைக்கு ஆளான அவர், பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார்.

உடல் நைந்த அந்த ஆண்டுகளிலும் அவருடைய எழுதுகோல் ஓயவில்லை. ஆங்கில அறிஞர் ஜேம்ஸ் ஆலனின் நூலை மனம் போல வாழ்வு என மொழிபெயர்த்தார். பரலி சு. நெல்லையப்பரின் வேண்டுகோளை ஏற்றுத் தம் வரலாற்றைச் செய்யுளாக எழுதத் தொடங்கினார். மெய்யறம் என்னும் நூலையும் இயற்றினார். 125 அதிகாரங்களைக் கொண்ட அந்நூல் மாணவரியலில் தொடங்கி, அடுத்து இல்வாழ்வியலைப் பேசுகிறது. மனைவி மக்களைப் பிரிந்து சிறையில் இருந்தவர் இல்வாழ்வுக்கு இலக்கணம் வகுத்தார் என்பதை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

வறுமையிலும் வளர்ந்த பணி

1912 டிசம்பரில் அவர் விடுதலையானபோது சுதேசிக் கப்பல்கள் கைமாறியிருந்தன. வழக்கறிஞர் உரிமையும் பறிக்கப்பட்டிருந்தது. மனைவியுடனும் மக்களுடனும் சென்னையில் குடியேறினார். மளிகைக் கடையும் மண்ணெண்ணெய்க் கடையும் நடத்திப் பிழைக்க முயன்றார், வணிகம் கைகொடுக்கவில்லை. குழந்தைகளின் உணவுக்கே கவலைப்பட்ட அக்காலத்தில்தான் மெய்யறமும் மெய்யறிவும் அச்சேறின. 1917இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையுடன் பதிப்பித்தார்.

பின்னாளில் நீதிபதி வாலஸ் வழக்கறிஞர் உரிமையை மீட்டளித்தார். அந்நன்றியை மறவாது கடைசி மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார் சிதம்பரனார். தம் தந்தைக்குரிய அன்பையும் உதவியவர்க்குரிய நன்றியையும் அவர் தம் மக்களின் பெயர்களிலேயே பதித்து வைத்தார். கோவில்பட்டியில் வழக்கறிஞராகப் பணியாற்றியபோதும் தமிழாராய்ச்சியை விடவில்லை. 1928இல் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை இளம்பூரணர் உரையுடன் வெளியிட்டார்.

இறுதி நாள்கள்

1932இல் மீண்டும் தூத்துக்குடிக்கு வந்தார். வறுமை அங்கும் தொடர்ந்தது. இறுதி நாள்களில் அவர் எழுதிய உயிலில், கடைகளுக்குத் தரவேண்டிய சிறு கடன்களும் இடம்பெற்றன. தமக்குப்பின் குடும்பம் என்னாகும் என்ற கவலையும் தெரிந்தது. ஒரு காலத்தில் பத்து இலட்சம் மூலதனத்தில் சங்கம் கண்டவர், கடைக்கடனையும் மறவாமல் எழுதி வைத்தார். 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியிலேயே அவர் உயிர் பிரிந்தது.

இன்று தூத்துக்குடித் துறைமுகம் வ.உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாட்டுப்பணிக்கும் இல்லறத்துக்கும் எழுத்துக்கும் ஒருங்கே நேரம் அளிக்கும் வாய்ப்பை அவருடைய காலம் அவருக்குத் தரவில்லை. அவர் வீட்டில் இல்லாத நாள்களை மீனாட்சி அம்மாள் தாங்கினார். தந்தையின் அண்மையை இழந்து குழந்தைகளும் அதில் பங்கேற்றனர். கப்பலோட்டிய வரலாற்றைப் போற்றும் நாம், அக்கப்பலுக்காக ஓர் இல்லம் கொடுத்த விலையையும் நினைவில் கொள்ளுதல் வேண்டும்.