துன் சம்பந்தனும் பத்து வெள்ளியும்



பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகும்போது ஜாலான் துன் சம்பந்தன் என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அவர் யாருங்க என்று பிள்ளைகள் கேட்டால் நாம் சொல்ல வேண்டாமா?

வீ. தி. சம்பந்தன் 1919 ஜூன் 16-ல் பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார். தோட்ட உடைமையாளரின் மகன். சொத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், இருக்கவில்லை. தம் ஊரில் மகாத்மா காந்தி கலாசாலை எழும்ப முன்னின்றார். 1955-ல் ம.இ.கா. தலைவரானார்.

அதே ஆண்டு ஜூலை 27-ல் மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. 52 இடங்களில் 51-ஐக் கூட்டணி வென்றது. வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். அப்படியிருந்தும் வடகிந்தா மக்கள் சம்பந்தனைத் தேர்ந்தெடுத்தார்கள். தொழில், சுகாதாரம், பொதுப்பணி என்று பல அமைச்சுகளை அவர் நடத்தினார்.

ஆனால் அவர் பெயரைத் தோட்டத்து லயங்களில் நிலைக்க வைத்தது அமைச்சர் பதவி அல்ல. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி மறுபடி விற்றார்கள். வேலையும் போச்சு, குடியிருந்த வீடும் போச்சு! தொழிலாளிகள் சட்டி பானையோடு எங்கே போவார்கள்?

1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, மாதம் பத்து வெள்ளி போடச் சொன்னார். அன்றைய கூலியில் பத்து வெள்ளி சிறு காசா? வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். துண்டாடல் அதோடு நின்றுவிடவில்லை. ஆனாலும் சங்கம் மேலும் பல தோட்டங்களை வாங்கி, பல குடும்பங்களைக் காத்தது.

இதிலே ஒன்றைக் கவனியுங்கள். கூட்டுறவில் பணம் எவ்வளவு போட்டாலும் ஆளுக்கு ஒரு வாக்குத்தான். பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்வரை கைகட்டி நின்றவன், சங்கக் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கலாம். ஜனநாயகத்துக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் உண்டா?

1969 மே கலவரத்தால் நாடாளுமன்றம் முடக்கப்பட்டு, 1971-ல்தான் மீண்டும் கூடியது. 1972-ல் தேசிய ஒற்றுமை அமைச்சர் பொறுப்பு சம்பந்தனிடம் வந்தது. கட்சிக்குள் எதிர்ப்பு வலுத்தபோது, 1973-ல் தலைமையை வீ. மாணிக்கவாசகத்திடம் விட்டு விலகினார். கூட்டுறவுப் பணியை மட்டும் விடவில்லை. 1979 மே 18-ல் மறைந்தார்.

பெற்றோர்களே, இன்று 18 வயதானால் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுகிறது. ஆனால் கால் தானாக வாக்குச்சாவடிக்கு நடக்காது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தால், நாலு பேர் முடிவு செய்வதே நானூறு பேர் முடிவாகும். பிறகு முணுமுணுத்து என்ன பயன்? கூட்டத்துக்கு வாங்க, கணக்கைக் கேளுங்க, கை தூக்குங்க. பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்க. பார்த்துப் பழகினால்தானே நாளைக்கு அவர்களும் கேட்பார்கள்!