காட்டு வாத்துகளின் காவலர்

வேடராய்த் தொடங்கிக் காவலராய் முடிந்தோர் உலகிற் சிலரே. அவருள் ஒருவர் ஆங்கில நாட்டுப் பீட்டர் ஸ்காட்.

இவர் 1909-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் இலண்டன் நகரிற் பிறந்தார். தந்தையார், தென்துருவஞ் சென்று மீளும் வழியில் 1912-ல் பனியிடை மாண்ட காப்டன் ஸ்காட். இறக்குமுன் அவர் தம் மனைவியார்க்கு வரைந்த கடிதத்தில், மகனுக்கு இயற்கை நூலில் விருப்பம் உண்டாகச் செய்யுமாறு வேண்டியிருந்தார்.

அவ்விருப்பம் முதலில் வேட்டை வடிவிலேயே வெளிப்பட்டது. கேம்பிரிட்ஜிற் பயிலுங் காலத்து, விடியுமுன் எழுந்து, வாஷ் என்னும் கடற்குடாவின் சேற்றுநிலத்திற் பதுங்கிக் கிடந்து, காட்டு வாத்துகளைச் சுடுவதே அவர்க்குப் பேரின்பம். ஒருநாள் அடிபட்ட பெருவாத்து ஒன்று, எவரும் அணுக இயலாத சேற்றில் வீழ்ந்தது. மறுநாளும் அது அங்கேயே உயிரோடு கிடந்தது. அக்காட்சி அவர் நெஞ்சைச் சுட்டது. பழக்கம் ஒரு நாளில் ஒழிவதன்று. ஆயினும் சிறுகச் சிறுகத் தளர்ந்து, இறுதியில் அவர் துப்பாக்கியை முற்றுந் துறந்தார்.

1933-ல் நீன் ஆற்றின் முகத்துவாரத்தருகே ஒரு பழைய கலங்கரை விளக்கத்திற் குடியேறி, பறவைகளை வளர்த்தும் ஓவியமாய்த் தீட்டியும் வாழ்ந்தார். போர் முடிந்தபின் 1945-ன் இறுதியில், செவர்ன் ஆற்றங்கழியை அடுத்த ஸ்லிம்பிரிட்ஜில் பெருவாத்துக் கூட்டங்களைக் கண்டு களித்தார். மறு ஆண்டே அவ்விடத்து நீர்ப்பறவைக் கழகம் ஒன்றை நிறுவினார். வாத்துகளைக் கொல்லுதற்கென முன்னோர் அமைத்த பழைய கண்ணிக்குளம் ஒன்று அங்கிருந்தது. அதிற் சிக்கிய வாத்துகளின் காலில் வளையமிட்டு விடுவித்து, அவை செல்லும் வழியை அறியலாயினர். கொலைக்களம் கல்விக்கூடமாயிற்று! மறைவிடங்களிலிருந்து மக்கள் பறவைகளை அச்சுறுத்தாது காணவும் படம்பிடிக்கவும் வழி பிறந்தது.

1964 முதல், மாரிக்காலத்து வந்திறங்கும் அன்னங்களை வீட்டுப் பலகணி வழியே நோக்கி, அலகின் மஞ்சளுங் கருமையும் ஒன்றற்கொன்று வேறுபடுவதை உணர்ந்து, ஒவ்வொன்றன் முகத்தையும் வரைந்து பெயரிட்டார். ஹவாய்த் தீவுகளில் அருகி ஒழியவிருந்த நேனே என்னும் வாத்தினத்தை ஸ்லிம்பிரிட்ஜிற் பெருக்கி, 1962-ல் தாயகத்திற்கு மீண்டும் அனுப்பினார். 1973-ல் சர் பட்டம் பெற்றார்; 1989 ஆகஸ்டு 29-ல் காலமானார்.

மாணவ நண்பர்களே, கூர்த்த கண்ணும் அசையாது காத்திருக்கும் பொறுமையும் வேடனுக்கும் காவலனுக்கும் பொதுவாம். அவற்றை எதன்பொருட்டுச் செலவிடுகிறோம் என்பதே வாழ்க்கை. ஸ்காட் தம் திறமையை மாற்றினாரல்லர், நோக்கத்தை மாற்றினார். நம்மிடமுள்ள திறமை எதுவாயினும், அதன் நோக்கத்தை ஒருமுறை ஆராய்ந்து பார்ப்போமாக.