நிமிர்ந்து நின்ற அன்னை மீனாம்பாள்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நம் தெருக்கள் பலவற்றில் அம்பேத்கர் படம் இருக்கிறது. அவருடைய இயக்கத்தில் நின்ற பெண்களின் பெயரைக் கேட்டால் நம்மில் பலர் தயங்குகிறோம். நம் மாணவிகள் அறிய வேண்டிய பெயர் அன்னை மீனாம்பாள் சிவராஜ்.

1904 டிசம்பர் 26-ல் பர்மாவின் இரங்கூனில் பிறந்தார். அங்கே பெயர் பெற்ற வணிகரும் கொடையாளருமான மதுரைப்பிள்ளையின் பேத்தி. வசதிக்குக் குறைவில்லாத வீடு, படிப்பும் கிடைத்தது. ஆனால் பணம் வந்தாலும் சாதி விடுவதில்லை என்பது நமக்குத் தெரிந்ததுதான். மீனாம்பாள் நினைத்திருந்தால் ஒதுங்கி நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். அவர் சேரி மக்களின் பக்கம் வந்து நின்றார்.

இளம் வயதிலேயே வழக்கறிஞர் ந.சிவராஜை மணந்து சென்னையில் வாழ்ந்தார். 1928-ல் சைமன் குழு வந்தபோது, அதில் இந்தியர் எவரும் இல்லை என்று காங்கிரஸ் புறக்கணித்தது. தங்கள் குறையைச் சொல்லக் கிடைத்த வாய்ப்பை விடக்கூடாது என்று ஒடுக்கப்பட்டோர் தலைவர்கள் பலர் கருதினர். அந்தக் குழுவை ஆதரித்துப் பேசியதுதான் மீனாம்பாளின் முதல் மேடைப் பேச்சு. அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். பெரும் அலைக்கு எதிராக நிற்க எவ்வளவு துணிவு வேண்டும்!

இந்தி எதிர்ப்புப் போராட்டத்திலும் பங்கெடுத்தார். ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டத்தை வழங்கிய 1938 நவம்பர் 13 சென்னைப் பெண்கள் மாநாட்டில் முன்நின்றவர்களில் அவரும் ஒருவர். சென்னை மாநகராட்சி உறுப்பினர், கௌரவ மாஜிஸ்திரேட், பல்கலைக்கழக செனட் உறுப்பினர் என்று பல பொறுப்புகளை வகித்தார்.

1942-ல் அம்பேத்கர் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக்குச் சிவராஜ் தலைவரானார். அதே ஆண்டு நாக்பூரில் கூடிய நம் பெண்கள் மணவிலக்கு உரிமை, பலதார மணத்துக்குத் தடை, ஆலைத் தொழிலாளப் பெண்களுக்கு விடுப்பு, சட்டமன்றத்தில் இடம் ஆகியவற்றைக் கேட்டுத் தீர்மானம் போட்டனர். அந்த வழியில் 1944-ல் சென்னையிலும் 1945-ல் பம்பாயிலும் நடந்த பெண்கள் மாநாடுகளுக்கு மீனாம்பாள் தலைமை வகித்தார். அன்று வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. எல்லைக்கோடு வேறு என்றாலும் ஊரும் சேரியும் பிரிந்து கிடந்தது இரு பக்கமும் ஒன்றுதான்.

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண் சோஜர்னர் ட்ரூத், 1851-ல் ஆக்ரன் நகரப் பெண்கள் மாநாட்டில் எழுந்து பேசினார். நிறத்தால் ஒரு சுமை, பெண் என்பதால் இன்னொரு சுமை. மீனாம்பாள் தலைமை வகித்த மாநாடுகளுக்கு வந்த பெண்களும் அப்படி இரட்டைச் சுமை சுமந்தவர்கள்தான். தங்களைத் தாழ்ந்தவர்களாக எண்ணக் கூடாது என்ற உறுதி அந்த மேடைகளில்தான் வளர்ந்தது.

1964-ல் கணவரை இழந்த மீனாம்பாள், 1992 நவம்பர் 30-ல் மறைந்தார்.

நாற்று நட்டுக் கூலி வாங்கும் தாய்மார்களின் பெண்கள் இன்று நம் ஊர்களிலிருந்து கல்லூரிக்குப் பேருந்து ஏறுகிறார்கள். வகுப்பில் எழுந்து கேள்வி கேட்க அவர்களில் சிலருக்கு இன்னும் கூச்சம் இருக்கிறது. நம் தெருவின் இரவுப் பாடசாலைகளில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் மீனாம்பாள் படத்தையும் மாட்டுவோம். யார் இந்த அம்மா என்று ஒரு பிள்ளை கேட்டால், இந்தக் கதையை உட்கார்ந்து சொல்வோம்.