சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த லூயிஜி கல்வானி

2009இல் எறிகணைச் சிதறலொன்று என் வலது முழங்கையைக் கிழித்துச் சென்றது. சில வருடங்களின் பின் வைத்தியசாலையில் நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்தார்கள். தோலின் மேல் சிறிய மின்னதிர்வு கொடுத்ததும், நான் முயன்றால் சற்றே அசைகின்ற சுண்டுவிரல் தானாகத் துடித்தது. நரம்பு முழுதாகச் சாகவில்லை என்றார் வைத்தியர். அந்தத் துடிப்பை ஆராய்ந்தவர் யாரென்று தேடியபோதுதான் கல்வானியை அறிந்தேன்.

இத்தாலியின் பொலோனியா நகரில் 1737இல் பிறந்தவர் லூயிஜி கல்வானி. அங்குள்ள பல்கலைக்கழகத்திலேயே உடற்கூற்றியல் கற்பித்தார். மனைவி லூசியா அவரது ஆய்வுகளுக்குத் துணையாக இருந்தார். 1780களின் தொடக்கத்தில், அறுத்த தவளையின் கால் நரம்பைக் கத்தி முனை தொட்டிருந்த வேளை, அருகிலிருந்த மின்பொறியில் தீப்பொறி பறந்தது. செத்த தவளையின் கால் உதைத்தது. உடலுக்குள்ளேயே மின்சாரம் உண்டு என்ற முடிவை 1791இல் நூலாக வெளியிட்டார். அதற்கு முன்னரே லூசியா இறந்துவிட்டார்.

பாவியாவின் வோல்ற்றா இதை ஏற்கவில்லை. மின்சாரம் இரு வேறு உலோகங்களின் தொடுகையால் வருகிறது என்றார். அந்த வாதமே பின்னர் அவரை மின்கலத்துக்கு இட்டுச் சென்றது. உலோகமே இல்லாமல், நரம்பைத் தசையில் தொடுவித்தும் கால் துடிப்பதைக் கல்வானி தரப்பு காட்டியது. இருவரிடமும் உண்மை இருந்தது.

1797இல் நெப்போலியன் அங்கே புதிய குடியரசை அமைத்தான். அடுத்த வருடம் பேராசிரியர்கள் அதற்கு விசுவாசமாகச் சத்தியப்பிரமாணம் செய்யவேண்டும் என்றார்கள். கடவுள் பக்தி மிகுந்த கல்வானி மறுத்தார். பதவியும் சம்பளமும் பறிபோயின. சகோதரன் வீட்டில் ஒதுங்கினார். கையொப்பமிட்டுப் பிழைப்பதா, மறுத்து இழப்பதா என்ற கேள்வி எங்களுக்கும் புதிதல்ல. அவரது புகழைக் கருதிப் பதவியைத் திருப்பித்தர முடிவெடுத்தார்கள். அதற்குள், 1798 டிசெம்பர் 4ஆம் திகதி அவர் காலமானார்.

இன்று நாம் அறிவது இதுதான்: ஓய்விலிருக்கும் நரம்புக் கலத்தின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று குறைவாக இருக்கும். தூண்டினால் சோடியம் அயன்கள் உள்ளே பாய்கின்றன, பின் பொட்டாசியம் அயன்கள் வெளியேறுகின்றன. இந்த மாற்றம் அடுத்த பகுதியைத் தூண்ட, கணத்தாக்கம் கை நரம்பில் செக்கனுக்கு ஏறத்தாழ 50 மீற்றர் ஓடுகிறது. காயப்பட்ட இடத்தில் அது தளர்கிறது.

காலையில் எழுந்ததும் சுண்டுவிரலை மடக்கி நீட்டுகிறேன். நேற்றும் கொஞ்சம் அசைந்தது.