யூரின் பையோடு மேடை ஏறிய பெரியார்... உங்க தாத்தாகிட்ட சொல்ல ஒரு கதை!

ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த தாத்தா, நாலு நாளா ரூமை விட்டு வெளிய வரலையா? யாராவது பார்க்க வந்தா போர்வையை இழுத்து மூடிக்கிறாரா? வலி ஒரு காரணம்னா, கட்டில் ஓரமா தொங்குற யூரின் பை இன்னொரு காரணமா இருக்கலாம். அவர் பக்கத்துல உட்கார்ந்து பெரியார் கதையைச் சொல்லுங்க.

1879 செப்டம்பர் 17-ல் ஈரோட்டில் பிறந்தவர் ஈ.வெ.ராமசாமி. வியாபாரக் குடும்பம். ஈரோடு நகராட்சித் தலைவர், 1924-ல் வைக்கம் போராட்டத்தில் சிறை சென்றவர், 1925-ல் 'குடி அரசு' இதழைத் தொடங்கியவர்... இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க. ஆனா, அவரோட கடைசி சில வருஷங்களைப் பத்தி நாம அதிகம் பேசுறதில்லை.

முதுமையில் அவருக்குச் சிறுநீர் இயல்பா பிரியலை. டாக்டர்கள் குழாய் பொருத்தினாங்க. வெளிய வர்ற சிறுநீரைச் சேகரிக்கிற ஏற்பாடும் அவர் போற இடமெல்லாம் கூடவே போச்சு. குடலிறக்க வலி வேற. இன்னிக்கு வேட்டிக்குள்ள மறையுற மாதிரி கால்ல கட்டிக்கிற சின்னப் பைகள் கிடைக்குது. அவரோ வாளியும் குழாயுமா வேன்ல ஊர் ஊராப் போனார். ரெண்டு பேர் கைத்தாங்கலா மேடைக்குக் கூட்டிட்டு வருவாங்க. உட்கார்ந்தபடியே பேசுவார். கூட்டத்துக்கே தெரியும். அவர் அதை மறைக்கவும் இல்லை, அதுக்காக ஒதுங்கவும் இல்லை.

இந்தக் கதையில இன்னொருத்தரும் இருக்காங்க. மணியம்மை. பெரியாரைக் கவனிச்சுக்க வந்தவர். 1949-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டபோது, வயசு வித்தியாசத்தைச் சொல்லி கட்சிக்குள்ளேயே பெரிய புயல் அடிச்சது. ஏச்சுப் பேச்சுக்கெல்லாம் நடுவுல அவங்க செஞ்ச வேலை ரொம்ப சாதாரணமானது: நேரத்துக்குச் சாப்பாடு, மருந்து, துடைச்சுவிடுறது, கழிவைக் கொட்டிச் சுத்தம் செய்றது. அந்தக் கைகள் இல்லாம அத்தனை பயணம் நடந்திருக்காது.

1973 டிசம்பர் 19. சென்னை தியாகராய நகர். பேச்சுக்கு நடுவுல வலி தாங்காம முனகினார். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி பேசினார். அதுதான் கடைசி மேடை. வேலூர் சி.எம்.சி மருத்துவமனையில் டிசம்பர் 24-ல் காலமானார். வயசு 94.

இப்போ உங்க தாத்தா விஷயத்துக்கு வருவோம். ஆண்களுக்கு வயசாக ஆக புராஸ்டேட் சுரப்பி பெரிசாகி, சிறுநீர் போற வழியை நெருக்கும். ஆபரேஷனுக்குக் கொடுக்கிற மயக்க மருந்தும் சில வலி மருந்துகளும் சிறுநீர்ப்பையை மந்தமாக்கும். ரெண்டும் சேர்ந்தா, அடிவயிறு முட்டிக்கிட்டு நிக்கும், ஆனா போகாது. அதுக்குத்தான் குழாய். பலருக்குச் சில நாள்லயே எடுத்துடுவாங்க. சிலருக்குக் கூடுதல் காலம் தேவைப்படும்.

நீங்க பார்த்துக்க வேண்டியது இவ்வளவுதான். பை எப்பவும் இடுப்புக்குக் கீழேயே இருக்கணும், ஆனா தரையில படக் கூடாது. குழாய் மடங்கக் கூடாது. பை நிறையுறதுக்கு முன்னாடியே காலி பண்ணணும். தொடுறதுக்கு முன்னும் பின்னும் சோப்பு போட்டுக் கை கழுவணும். டாக்டர் தடுக்கலைன்னா தண்ணி நல்லா குடிக்கட்டும். காய்ச்சல், சிறுநீர்ல ரத்தம், பைக்குச் சிறுநீர் வராம நின்னுபோறது, திடீர்னு ஆள் குழம்பிப் பேசுறது... இதுல எது தெரிஞ்சாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. குழாயை நீங்களா இழுத்துடாதீங்க. குழாய் எடுத்த பிறகும் கவனம் தேவை. சில மணி நேரமாகியும் சிறுநீர் போகலைன்னா, காலையில பார்த்துக்கலாம்னு விடாதீங்க.

அப்புறம், பையைக் காலி பண்ணும்போது முகம் சுளிக்காதீங்க. தாத்தா முதல்ல பார்க்கிறது உங்க முகத்தைத்தான். சாயந்திரம் ஆனதும் சட்டையைப் போட்டுவிட்டு, டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தா தெருமுனை டீக்கடை வரைக்கும் கூட்டிட்டுப் போங்க. பையை நீங்க பிடிச்சுக்கோங்க.