கழுத்தையும் கண்ணையும் சேர்த்துப் பார்த்த ஹகீம்: இஸ்மாயீல் ஜுர்ஜானீ (ரஹ்)

ரமலான் வந்துவிட்டால் எங்கள் கொரட்டூர் பகுதிப் பெண்கள் வீட்டு ஆண்களிடம் கேட்டனுப்பும் மஸ்லா ஒன்று உண்டு. தைராய்டு இருக்கிறது, கண் எரிகிறது, சொட்டு மருந்து விட்டால் நோன்பு முறியுமா? பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், தைராய்டுக்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்பை ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன்பே கவனித்த ஒரு முஸ்லிம் மருத்துவரைத் தெரிந்துகொள்வோம்.

ஸையித் இஸ்மாயீல் ஜுர்ஜானீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 434-ல் (கி.பி. 1042) காஸ்பியன் கடலின் தென்கிழக்கே உள்ள ஜுர்ஜானில் பிறந்தார்கள். இன்று அது ஈரானின் குர்கான் பகுதி. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் வாழ்ந்த அதே காலம். இப்னு ஸீனாவின் மாணவர் வழியில் வந்த இப்னு அபீ ஸாதிக் அவர்களிடம் மருத்துவம் பயின்றார்கள்.

ஹிஜ்ரி 504-ல், எழுபது வயதை எட்டிய நிலையில், குவாரிஸ்ம் நாட்டுக்குச் சென்று மன்னர் குத்புத்தீன் முஹம்மதின் ஆதரவில் தங்கினார்கள். பலர் ஓய்ந்து உட்காரும் அந்த வயதில்தான் அவர்களின் மாபெரும் நூலான 'ஸகீரயே குவாரிஸ்ம்ஷாஹீ' உருவானது. மருத்துவ நூல்கள் அரபியில் எழுதப்பட்ட காலத்தில், மக்கள் பேசிய பாரசீகத்தில் அதை எழுதினார்கள். பிறகு பயணத்துக்கென்று ஒரு சுருக்கமும் எழுதினார்கள். காலுறையில் (குஃப்) செருகிக்கொண்டு போகத் தோதாக இருந்ததால் அதற்கு 'குஃப்பீ' என்றே பெயர் வந்தது. கடைசிக் காலத்தில் மர்வ் நகருக்குச் சென்று, ஹிஜ்ரி 531 வாக்கில் அங்கே வஃபாத்தானார்கள். அந்த 'ஸகீரா' 19-ஆம் நூற்றாண்டில் லக்னோவில் உருதுவிலும் அச்சானது.

முன்கழுத்து வீக்கமும் விழி பிதுங்குவதும் சேர்ந்து வருவதை அந்த நூல் பதிவு செய்திருப்பதாக மருத்துவ வரலாற்றாளர்கள் காட்டுகிறார்கள். ஐரோப்பாவில் டப்ளின் நகர மருத்துவர் கிரேவ்ஸ் 1835-லும், ஜெர்மனியின் பாஸிடோ 1840-லும் இந்த நோயை விவரித்தார்கள். ஹார்மோன் என்ற சொல்லே இல்லாத காலத்தில், கண்ணில் தெரியும் கோளாறை உடம்போடு சேர்த்துப் பார்த்ததுதான் ஜுர்ஜானீ அவர்களின் சிறப்பு.

இன்றைய மருத்துவம் அதன் காரணத்தை விளக்குகிறது. கிரேவ்ஸ் நோயில் உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குகிறது. அதே தாக்குதலில் விழிக்குப் பின்னுள்ள தசையும் கொழுப்பும் வீங்கி விழியை முன்னே தள்ளும். இமை முழுதாக மூடாது, கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும். கண்ணீர்ச் சுரப்பியும் அழற்சியால் கெடலாம். புகைபிடித்தால் இது இன்னும் மோசமாகும்.

கண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல. இமை விளிம்பில் சுரக்கும் எண்ணெயும், நீரும், கருவிழியில் ஒட்டிக்கொள்ளும் கோழையும் சேர்ந்த மெல்லிய படலம் அது. எண்ணெய் சுரக்க ஆண்ட்ரோஜன் ஹார்மோன் வேண்டும். பெண்களிடமும் அது கொஞ்சம் உண்டு, வயது ஏற ஏறக் குறையும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கண் உலர்வு அதிகம் வர இது ஒரு காரணம். சர்க்கரை நோயில் கருவிழியின் நரம்பு உணர்வு மங்குவதால் கண்ணீர் குறைகிறது.

இதில் ஏமாற்றும் அறிகுறி ஒன்று உண்டு. கண் உலர்ந்தால் உறுத்தலினால் தண்ணீர் கொட்டும். கண்ணில்தான் தண்ணீர் வருகிறதே, இது எப்படி உலர்வு என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். வெங்காயம், அடுப்புப் புகை என்று சொல்லி அம்மாவும் சமாளித்துவிடுவார்கள். இப்படியே விட்டால் கருவிழியில் புண் வந்து பார்வையே கெடலாம். இமையோரம் சிறு காகிதத் துண்டை 5 நிமிடம் வைத்து, எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்க்கும் எளிய சோதனை இருக்கிறது. 5 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் உலர்வு கடுமை. 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. போகும்போது தைராய்டு, சர்க்கரை, மாதவிடாய் விவரங்களையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் கண் அழுத்தம் கூடிப் பார்வை போகலாம்.

இனி மஸ்லாவுக்கு வருவோம். ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளின்படியும் கண்ணில் சொட்டு மருந்து விடுவதால் நோன்பு முறியாது. தொண்டையில் அதன் கசப்பு தெரிந்தாலும் முறியாது. உளூவிலும் கண்ணுக்குள் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டியதில்லை, முகத்தைக் கழுவினால் போதும். ஆகவே நோன்பைக் காரணம் காட்டி யாரும் மருந்தை நிறுத்த வேண்டாம்.

இன்று இஃப்தாருக்குப் பிறகு உங்கள் தாயாரிடமும் மனைவியிடமும் கண் எரிகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஜுர்ஜானீ அவர்களின் கப்ரை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! நம் வீட்டார் அனைவரின் பார்வையையும் காப்பானாக! ஆமீன்.