ஆழியைப் படம் பிடித்த அறிஞர்

கடலின் மேற்பரப்பை ஓவியர் பலர் தீட்டியுள்ளனர். கவிஞர் பலர் பாடியுள்ளனர். ஆனால் அலைகளுக்கு அடியில் உள்ளதை ஒளிப்படமாக எடுத்துக் காட்டிய முன்னோடி, பிரெஞ்சு நாட்டு விலங்கியல் அறிஞர் லூயி பூத்தான் ஆவார். இப்பெயரைத் தமிழ் வினைமுற்று என்று எண்ணி நம் தோழியர் பகுபத உறுப்பிலக்கணம் கூற முற்பட வேண்டாம்!

1859-ஆம் ஆண்டு பிறந்த இவர், மத்தியதரைக் கடலோரம் பன்யூல் என்னும் ஊரிலுள்ள அரகோ ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்தார். கவச உடை அணிந்து கடலுள் இறங்கியபோது அங்குக் கண்ட காட்சிகளை மேலே கொண்டுவர விழைந்தார். உடன்பிறந்தவரான பொறியாளர் ஒகுஸ்த், நீர் புகாத பெட்டியொன்றை அமைக்க உதவினார். 1893-இல் முயற்சி தொடங்கியது.

கடலடியில் வெளிச்சம் குறைவு. ஆகவே கண்ணாடித் தகட்டில் படம் பதியச் சில வேளை அரைமணி நேரம் ஆயிற்று. அதுவரை கேமரா அசையாமல் இருக்க வேண்டும். பாறையும் பாசியும் பொறுமையாக நிற்கும், மீன் நிற்குமா? நீந்திச் சென்றவை தகட்டில் பதியவே இல்லை.

ஒளிக்காக, உயிர்வளி நிரப்பிய கண்ணாடிக் குமிழில் மக்னீசியத்தை எரித்துப் பார்த்தனர்; குமிழ் வெடித்த நாள்களும் உண்டு. பின்னர் 200 லிட்டர் பீப்பாயின் மேல் சாராய விளக்கை ஏற்றி, அதில் மக்னீசியத் தூளை ஊதினர். அப்பீப்பாயைக் கடலில் இறக்குவதே பெரும்பாடு! 1899-இல் மின்விளக்குகளின் துணையால் 50 மீட்டர் ஆழத்திலும் படம் எடுத்தனர். கவச உடையில் நின்ற உருமேனிய அறிஞர் எமில் ரகோவிட்சாவைக் கடலுக்குள்ளேயே படம் பிடித்ததும் அவ்வாண்டில்தான்.

நீர் இன்றும் செந்நிறத்தை முதல் சில மீட்டர்களிலேயே பெரிதும் விழுங்கிவிடுகிறது. இக்காலத்தில் எண்ணற்ற படங்களைப் பயின்ற கணினி, மங்கிய கடற்படத்தைத் தெளிவாக்கி, இழந்த நிறத்தையும் ஊகித்துத் தீட்டுகிறது. மீனினங்களை அடையாளம் காண இது ஆய்வாளர்க்குக் கைகொடுக்கும். ஆயினும், கடல் வெப்பத்தால் வெளிறிப்போன பவளத்துக்கு அக்கணினி செந்நிறம் பூசிவிட்டால் என்னாகும்? நோயுற்ற பவளம் நலமுடையதாகத் தோன்றும் அல்லவா? மூலப்படத்தையும் அருகில் வைத்துக் காட்டுவதே முறை என்று நாங்கள் கருதுகிறோம். பூத்தானின் தகடுகளில் இருந்த மீன் விடுபட்டதுண்டு. இல்லாத மீன் நுழைந்ததில்லை.

தாம் கையாண்ட கருவிகளையும் முறைகளையும் விளக்கி 1900-இல் கடலடி ஒளிப்படக்கலை பற்றிய நூலொன்றை அவர் வெளியிட்டார். பின்வந்தோர் அதைக் கொண்டு அவர் படங்களை எடைபோட முடிந்தது. 1934-ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.